யோர்தான் ஜாடியும் திருமங்கலத்துத் தாழியும்

1

ஆயுத பூஜை அன்று காலை டிராம் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஜெர்மனியில் அன்றைக்கு விடுமுறை கிடையாது. கைபேசியில் ஒரு படம் வந்து விழுந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்து அகழாய்வுக் குழியில் வேலை செய்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போன வருடப் பூஜைப் படத்தை மறுபடி போட்டிருந்தார்கள். "மறக்க முடியுமா" என்று ஒரு வரி, கீழே பன்னிரண்டு கும்பிடு.

திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கண்மாய்க் கரை. சதுரமாக வெட்டிய குழி. மேட்டில் வாழை இலை விரித்து மண்வெட்டி, கடப்பாரை, கொத்துக்கரண்டி, தூரிகை, சல்லடை எல்லாம் வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். வரிசையின் கடைசியில் வானிலிருந்து படம் எடுக்கும் டிரோன். அதன் நான்கு விசிறிகளுக்கும் பொட்டு வைத்து, நான்கு கால்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். புது பைக் வாங்கினால் வைப்போமே, அதே மாதிரி.

படத்தின் நடுவில் எல்லோரும் கும்பிட்டுக்கொண்டிருக்க, சிவப்புத் தொப்பி போட்ட ஒருவன் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு கண்மாயைப் பார்த்து நிற்கிறான். அவன்தான் தாவீது. பழங்காநத்தத்துக்காரன், என் கல்லூரி நண்பன், அந்தக் குழியின் மேற்பார்வையாளன். அப்பா கிறிஸ்தவ சபை மூப்பர் என்பதால் பூஜை முடிகிறவரை திரும்பி நிற்பது அவன் வழக்கம். முடிந்ததும் முதல் ஆளாக வந்து பொரிகடலை வாங்கிக்கொள்வான்.

போன வருடமும் அந்த முதுகைப் பார்த்துத்தான் சிரித்தேன். இந்த வருடமும் சிரித்தேன். டிராம் வந்தது, ஏறிவிட்டேன். அந்தப் படத்தில் பார்க்க வேண்டியது அவனுடைய முதுகு இல்லை என்பது எனக்கு மத்தியானம்தான் உறைத்தது.

2

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது பொறாமைக்காரன் எழுதுகிற குறிப்பு.

நான் இங்கே ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் மூன்று வருடமாக இருக்கிறேன். பழைய பானைகளின் உள்சுவரைச் சுரண்டி, அந்தத் தூளைக் கரைத்து, பானைக்குள் ஒரு காலத்தில் என்ன இருந்தது என்று கருவியிடம் கேட்பது என் வேலை. எண்ணெயா, திராட்சை ரசமா, தேன்மெழுகா? சுட்ட மண் குடித்ததை லேசில் விடாது. கருவி அதைத் திரையில் கூர்கூராக வரைந்து காட்டும்.

வருகிற பானைகளில் பெரும்பாலானவை யோர்தான் பள்ளத்தாக்கிலிருந்து வருகின்றன. அதாவது வேதாகம நிலம். வேதாகமத் தொல்லியல் என்றால் நம்மூரில் நோவாவின் பேழையைத் தேடி மலை ஏறுகிற கூட்டம் என்று நினைப்பார்கள். ஒரு காலத்தில் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. ஒரு கையில் வேதப் புத்தகம், மறு கையில் மண்வெட்டி. பெரிய வாசல் தெரிந்தால் அது சாலொமோன் கட்டியது. சாம்பல் தெரிந்தால் அது யோசுவா எரித்தது. புத்தகம் கேள்வியும் சொல்லும், விடையும் சொல்லும். மண் தலையாட்டினால் போதும்.

இப்போது ஆட்டமே மாறிவிட்டது. இப்போது அந்தச் சாம்பலையே உட்காரவைத்து விசாரிக்கிறார்கள். எரிந்துபோன தானியமும் ஒலிவக் கொட்டையும் எந்தக் காலத்தில் விளைந்தவை என்று கரிமக் கணக்கு சொல்கிறது. தீயில் வெந்த செங்கல், தான் வெந்த அன்றைக்குப் பூமியின் காந்தம் எந்தப் பக்கம் இழுத்தது என்பதை உள்ளே வைத்துக்கொள்கிறதாம். இரண்டு ஊர்களின் எரிந்த செங்கல்லை ஒப்பிட்டால் இரண்டும் ஒரே படையெடுப்பில் எரிந்தனவா, வேறு வேறு காலத்திலா என்று சொல்ல முடிகிறது. கரிக்கட்டையாகிப்போன தோல்சுருள் ஒன்றை விரிக்காமலே, எக்ஸ்ரேயால் உள்ளே புகுந்து, லேவியராகமம் என்ற வேதப் பகுதியின் வரிகளைப் படித்துவிட்டார்கள். வெறும் ஓடு என்று பல காலம் பெட்டியில் கிடந்ததன் பின்பக்கத்தை வேறு ஒளியில் படம் எடுத்தால் அங்கே மசி எழுத்து. தோலேட்டுத் துண்டு ஆட்டுத்தோலா மாட்டுத்தோலா என்று மரபணு பார்த்து, எந்தத் துண்டு எந்தச் சுருளோடு சேரும் என்று ஒட்டுகிறார்கள். முன்னால் தோண்டியவர்கள் குப்பை என்று கொட்டிய மண்ணைக்கூட விடவில்லை. தண்ணீர் விட்டு மறுபடி சலிக்கிறார்கள்.

இதெல்லாம் எனக்குத் தேனாக இனிக்கிறது. அதோடு வயிறும் எரிகிறது. அங்கே ஒரு ஒலிவக் கொட்டைக்கு மூன்று ஆய்வகம் சண்டை போடுகிறது. எங்கள் பக்கத்தில் கண்மாய் தூர்வாரும்போது ஜேசிபியின் பல்லில் முதுமக்கள் தாழி நொறுங்கும். டிரைவர் இறங்கிப் பார்த்து, "ஏதோ பழைய குதிராம்ணே" என்று சொல்லிவிட்டு மறுபடி ஏறிக்கொள்வார். தாழி என்றால் ஆள் உயரப் பானை. இறந்தவரின் எலும்பையும் அவருக்கு வேண்டியதையும் உள்ளே வைத்துப் புதைத்தார்கள், எப்போது, எவர் என்று யாருக்கும் தெரியாது. அந்த ஒலிவக் கொட்டைக்குப் பிறந்த அதிர்ஷ்டம் எங்கள் தாழிக்கு ஏன் பிறக்கவில்லை?

இதில் மஞ்சள் வேறு. அந்த நிலத்தில் புதைந்த பழங்கால மனிதர்களின் பல்கறையைச் சுரண்டிப் பார்த்ததில் மஞ்சளின் தடம் கிடைத்தது என்று படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நம்ம மஞ்சள்! கடல் தாண்டிப் போய் யாரோ ஒருத்தர் பல்லில் ஒட்டிக்கொண்டு பெயர் வாங்கிவிட்டது. நம் பக்கத்தில் எத்தனை பல்லைச் சுரண்டிப் பார்த்தோம்?

3

கல்லூரியில் நானும் தாவீதும் தினமும் கோரிப்பாளையத்தில் பஸ் மாற வேண்டும். அந்த நெரிசலில் நின்றுகொண்டுதான் முக்கால்வாசித் தொல்லியல் படித்தோம். அவன் வேதாகமத்தைக் கரைத்துக் குடித்தவன். நான் கட்டுரைகளைக் குடித்தவன்.

"டேய் செல்வம், என் பேர்ல ஒரு ராசா இருந்தானா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"தாவீதின் வீடுன்னு ஒரு கல்வெட்டு கெடைச்சிருக்கு மாப்ள. வீடு இருந்திருக்கு. எம்புட்டுப் பெரிய வீடுன்னுதான் சண்டை."

"எங்க வீடு மாதிரி ஒரு ரூம் கிச்சனா இருந்தாலும் ராசா ராசாதாண்டா."

அவன் வீட்டுக்குப் போனால் அப்பா, பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர், என்னை விசாரணைக் கைதி மாதிரி எதிரே உட்காரவைப்பார். "தம்பி, யோசுவா எக்காளம் ஊதி எரிகோ மதில் விழுந்துச்சா இல்லையா?" நான் காலம் பொருந்தவில்லை, மண்ணடுக்கு வேறு மாதிரி சொல்கிறது என்று இழுப்பேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "விழுந்துச்சுன்னு எழுதியிருக்கு. நீங்க நல்லா தோண்டுங்க" என்பார்.

இந்த ஆய்வக வேலைக்கு இரண்டு பேரும் விண்ணப்பித்தோம். எனக்குக் கிடைத்தது. வேதப் புத்தகத்தை மனப்பாடமாகச் சொல்கிறவன் கண்மாய்க் கரைக்குப் போனான், ஆதியாகமத்துக்கும் யாத்திராகமத்துக்கும் நடுவே தடுமாறுகிற நான் யோர்தான் ஜாடிக்கு வந்தேன். அவனுக்கு என் மேல் பொறாமை என்று எனக்குத் தெரியும். எனக்கு அவன் மேல் எவ்வளவு என்று அவனுக்குத் தெரியாது. அவன் தினமும் எங்கள் மண்ணைத் தொடுகிறான். உள்ளூர்ப் பேப்பரில் அவன் படம் வருகிறது. என் அம்மா அதை வெட்டி எடுத்து எனக்கே அனுப்புகிறார்.

போனில் அம்மா கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "என்னப்பா, பேச்சே ஒரு மாதிரியாப் போச்சு, டிவில செய்தி வாசிக்கிற மாதிரி?" எனக்குப் பிள்ளைகள் இல்லை. இந்தக் குடும்பத்தில் ஊர்ப்பேச்சு கைநழுவிப் போகிற பிள்ளை நான்தான்.

4

இனி, எது தொங்கிக்கொண்டிருந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

என் ஒப்பந்தம் வருடக் கடைசியோடு முடிகிறது. நீட்டிப்புக் கடிதம் இருந்தால்தான் விசா. வெளிநாட்டார் அலுவலகத்தில் வரிசைச் சீட்டு எடுத்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் அம்மாளிடம் மூன்று வருடமாக ஒரே காகிதங்களை மூன்று விதமாகக் கொடுத்து வருகிறேன். முதல் வருடம் என் ஜெர்மன் வெறும் மழலையாக இருந்தது. என்ன வேலை என்று கேட்டார். பானைகளோடு வேலை, நிறையக் கழுவுவேன் என்று சொல்லிவைத்தேன். அவர் எழுதிக்கொண்டே, "எந்த உணவகம்?" என்றார்.

ஆய்வகத்தில் இரண்டு வருட நீட்டிப்பு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. போட்டிக்கு நானும் யோனாஸும். யோனாஸ் நல்லவன், அதுதான் தொந்தரவு. ஜாடியைக் குழந்தை மாதிரி தூக்குவான். அவன் சொந்த ஆய்வுக்கே யோர்தான் ஜாடிகள் இருந்தன. பெயரைச் சொன்னதும் தாவீது, "வேதத்துல மீன் வயித்துக்குள்ள போயிட்டு வந்தவனாடா? அவனை ஜெயிக்க முடியாது மாப்ள" என்றான்.

வெள்ளிக்கிழமை கருத்தரங்கில் இருவரும் எங்கள் சொந்த ஆய்வைச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு ஆய்வகத் தலைவர் உல்ரிக்கே முடிவு செய்வார். ஆயுத பூஜை புதன்கிழமை. நடுவில் ஒரே ஒரு நாள்.

என் கையில் என்ன இருந்தது? எங்கள் தாழி இருந்தது.

5

போன வருடம் மழைக்கு முந்திய கடைசி வாரங்களில் அந்தக் குழியில் உடையாத தாழி ஒன்று கிடைத்தது. மூடிக்கல்லோடு, முழுசாக. அதன் உள்சுவரிலிருந்து ஆறு சிட்டிகைத் தூளும், ஒப்பிட்டுப் பார்க்கத் தாழியின் தோளை ஒட்டியிருந்த வெளிமண்ணில் ஒரு பையும் தாவீது எடுத்து வைத்தான். அனுமதிக் காகிதங்கள் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நடந்து, கையெழுத்தாகி என்னிடம் வந்து சேர்வதற்குள் கோடையே முடிந்துவிட்டது.

கருத்தரங்குக்கு இரண்டு வாரம் முன்னால் தூளைக் கருவியில் போட்டேன். திரையில் எழுந்ததைப் பார்த்து நாற்காலியிலிருந்து நானும் எழுந்துவிட்டேன். மஞ்சள்! மஞ்சளுக்கு நிறம் கொடுக்கிற அந்தச் சேர்மம், பளிச்சென்று, சந்தேகத்துக்கே இடம் இல்லாமல். ஆறு சிட்டிகையில் ஐந்தில்.

உடனே தாவீதை அழைத்தேன். "மாப்ள, நம்ம தாழில மஞ்சள்டா!"

"அட! அவங்க பல்லுல இருந்துச்சே, அதைவிடப் பழசா?"

"பழசாத்தான் இருக்கணும்."

இருக்கணும் என்றேன். இருக்கிறது என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. புத்தகத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு தோண்டியவர்களைப் பார்த்து மூன்று வருடம் சிரித்தேன். என் கையிலும் ஒன்று இருந்தது, அதில் அச்சடித்த எழுத்து இல்லை, அவ்வளவுதான்.

உல்ரிக்கே திரையைக் குனிந்து பார்த்தார். "அழகாக இருக்கிறது. கொஞ்சம் அதிகமாகவே அழகாக இருக்கிறது" என்றார். பிறகு, "வெளிமண்ணில் என்ன வந்தது?"

"வரிசையில் இருக்கிறது" என்றேன்.

வரிசையில் இல்லை. அந்தப் பை குளிர்பெட்டியின் பின்பக்கத்தில், நானே தள்ளிவைத்த இடத்தில் இருந்தது. மஞ்சள் பட்ட சட்டையை வெயிலில் காயப்போட்டால் கறை பறந்துவிடும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சோப்பு பட்டால் அது உடனே சிவந்து குலைந்து போகும். அவ்வளவு சவலையான பொருள், சுண்ணாம்பு மண்ணுக்குள் அத்தனை காலம் கிடந்து, நேற்று அரைத்த மாதிரி எப்படிப் பளிச்சென்று வரும்? அந்தக் கேள்வி எனக்குள் வந்தது. அதையும் குளிர்பெட்டியின் பின்பக்கம் தள்ளிவிட்டேன்.

6

புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் அந்தப் பூஜைப் படத்தை மறுபடி எடுத்தேன். எலுமிச்சம்பழம் மிதிக்கக் காத்திருக்கும் டிரோனை யோனாஸுக்குக் காட்டிச் சிரிக்க வைக்கலாம் என்று. அவன் சிரித்தான். பிறகு படத்தின் ஓரத்தை இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கி, "இவர் என்ன செய்கிறார்?" என்றான்.

தாவீதின் முதுகுக்குப் பின்னால், குழிக்குள், ஒரு பெண் தாழியின் மேல் குனிந்திருந்தார். கையில் பித்தளைச் சொம்பு. சொம்பின் வாயிலிருந்து தாழியின் வாய்க்குள் ஒரு மஞ்சள் கோடு.

சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்த் தாவீதை அழைத்தேன். பழங்காநத்தத்தில் ஆட்டோ ஸ்டாண்டு பூஜை, பின்னால் ஒலிபெருக்கி அலறியது.

"டேய், போன ஆயுத பூஜை அன்னைக்குத் தாழிக்குள்ள என்ன ஊத்துனாங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் அங்கிட்டுத் திரும்பி நின்னேன்ல."

"தூளு எப்ப எடுத்த? பூஜைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

ஒலிபெருக்கிச் சத்தம் தேய்ந்தது, தள்ளி நடந்துவிட்டான் போல.

"நாலு நாள் கழிச்சு" என்றான். பிறகு, "டேய், மஞ்சத்தண்ணியாவாடா இருக்கும்? அது ஒரு விசயம்னு யாருடா குறிப்பேட்டுல எழுதுவா?"

"சுண்டல் சாப்ட்டதை எழுதியிருக்க. மழை தூறுனதை எழுதியிருக்க."

"வையாத மாப்ள. படத்துல குனிஞ்சிருக்க அக்காவை எனக்குத் தெரியும், நாளைக்கு அவுக ஊருக்கே போறேன். நீயே கேளு."

அன்று சாயங்காலம் குளிர்பெட்டியின் பின்பக்கத்திலிருந்து பையை எடுத்தேன். கருவி இரவெல்லாம் ஓடட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன். காலையில் பார்த்தால் வெளிமண்ணிலும் மஞ்சள். உள்ளே இருந்ததைவிட உயரமாக. ஊற்றும்போது தாழியின் வாயிலிருந்து தோளில் வழிந்திருக்கிறது.

7

அந்த அக்காவின் பெயர் முத்துப்பேச்சி. குழி திறந்த நாளிலிருந்து அங்கே வேலை செய்கிறார். மண் நிறம் மாறுவதைத் தொல்லியல் துறைக்காரர்களுக்கு முன்னால் கண்டுபிடிப்பது அவர்தான் என்று தாவீது சொல்வான். அவருடைய அம்மா எங்கள் வயலில் நடவு நட்டவர். அவர்களுக்கு அப்போது ஒரு செண்ட் நிலம் கிடையாது. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வீடியோவில் முகம் வந்தது. "யாரு, மேலத்தெரு தம்பியா? நல்லாருக்கீகளா? என்ன இம்புட்டு மெலிஞ்சுட்டீக?"

"நல்லாருக்கேன்க்கா. போன ஆயுத பூசைக்குத் தாழிக்குள்ள மஞ்சத்தண்ணி ஊத்துனீகளா?"

"ஊத்தாமயா? மூடிக்கல்லத் தூக்குன அன்னைக்கே ஊத்தணும். அன்னைக்கு அதிகாரிமாரு நின்னாக. பூசை அன்னைக்குத்தான் தோது கெடைச்சுச்சு. எம்புட்டு வருசமாச்சோ மனுசன் குளிச்சு."

"குளிச்சா?"

"மண்ணுக்குள்ள கெடந்த ஆளை வெளிய எடுக்கோம். குளிப்பாட்டாம எடுப்பாகளா தம்பி? நம்ம பாட்டன் பூட்டன் இல்லையா?"

எனக்குள் எரிந்துகொண்டிருந்தது வாய்க்கு வந்துவிட்டது. "அது யாருன்னே தெரியாதுக்கா. உங்க ஆளா எங்க ஆளான்னு பல்லை எடுத்துச் சோதிச்சாத்தான் தெரியும்."

அவர் கொஞ்சம் சிரித்தார். "பூமி உங்களுதா இருந்துச்சு தம்பி. உள்ள கெடக்குறது யாருதுன்னு எந்தப் பட்டாவுல எழுதியிருக்கு?"

தாவீது படத்துக்கு வெளியே இருமினான்.

பிறகு அவரே குரலை இறக்கிக் கேட்டார். "நான் ஊத்துனது தப்பாயிருச்சா? உங்க வேலைக்கு எதும் கெடுதலா?"

தாவீது, "அங்க இயேசுசாமி நடந்த ஊருப் பானையெல்லாம் இவன்தான்க்கா சோதிக்கான். அதுல யாரும் எதும் ஊத்துறதில்ல. சுத்தமா வரும். நம்ம பானைலதான்..." என்று இழுத்தான்.

"யாருமே ஊத்த மாட்டாகளா? அம்புட்டுப் பானைக்கும்?"

"மாட்டாங்கக்கா" என்றேன். "கையுறை போட்டு, ஒரு தூசி படாமப் பெட்டியில வச்சிருவாங்க."

முத்துப்பேச்சி அக்கா தலையை ஆட்டினார். "பாவம்" என்றார்.

மூன்று வருடமாக நான் பொறாமைப்பட்டு இளைத்த ஒன்றின் மேல் அவர் இரக்கப்பட்டுவிட்டார்.

8

வெள்ளிக்கிழமை யோனாஸ் முதலில் பேசினான். அருமையாகப் பேசினான். ஒரு ஜாடி, உள்ளே திராட்சை ரசம், ஜாடி கிடைத்த எரிந்த அறைக்குக் காந்தக் கணக்கில் ஒரு காலம், அதே அறைத் தானியத்துக்குக் கரிமக் கணக்கில் ஒரு காலம், இரண்டும் கைகோத்து நின்றன. கைதட்டினேன். உள்ளங்கை வலிக்கிற அளவுக்குத் தட்டினேன், மனசு தட்டவில்லை.

என் முறை. தாழியின் உள்பக்கத்து மஞ்சளையும் வெளிமண்ணின் மஞ்சளையும் பக்கம் பக்கமாகத் திரையில் போட்டேன். வியாழக்கிழமை முழுக்க ஒரு யோசனை என்னைச் சுற்றிச் சுற்றி வந்தது. இரண்டாவதைக் காட்டாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? பை என்னிடம் இருக்கிறது, படம் யோனாஸுக்கு வேடிக்கை. ஆனால் அப்படிச் செய்தால், எரிகோ மதிலை முதலில் விழவைத்துவிட்டுப் பிறகு குழி வெட்டுகிற ஆள் நானாகிவிடுவேன்.

"இது போன வருடத்து மஞ்சள்" என்றேன். "முத்துப்பேச்சி என்ற அகழாய்வுத் தொழிலாளி ஊற்றியது. ஒரு சொம்பு." பூஜைப் படத்தையும் போட்டேன். திரும்பி நிற்கும் சிவப்புத் தொப்பியையும் விளக்கினேன். சிரிப்பு எழுந்து அடங்கியது.

யோனாஸ் கை தூக்கினான். "அதைக் களக் குறிப்பேட்டில் யாருமே ஏன் எழுதவில்லை?"

"எங்கள் ஊரில் மஞ்சளை யாரும் எழுதிவைக்க மாட்டோம். மூச்சு விட்டதை எழுதிவைக்கிறோமா?"

அப்போதுதான் உல்ரிக்கே பேசினார். நமக்கு வரும் யோர்தான் ஜாடிகளில் பாதி, பழைய காலத்தில் தோண்டி அருங்காட்சியகப் பெட்டிகளில் கிடந்தவை. அவற்றைத் தோண்டியது பக்கத்து ஊர் ஆட்கள். தொப்பி போட்ட துரைமார் அந்தப் பக்கம் திரும்பியிருந்த நேரத்தில் அவர்கள் எதில் என்ன ஊற்றினார்கள், எதில் வைத்து என்ன தின்றார்கள்? ஒருவரிடமாவது யாராவது கேட்டிருக்கிறார்களா? கருவி புதிதாகிவிட்டது, அந்தக் கேள்வியை மட்டும் நாம் இன்னும் கேட்கவில்லை என்றார்.

யோனாஸின் முகம் சுண்டியது. அவன் ஜாடியும் அப்படிப் பெட்டியிலிருந்து வந்ததுதான். எனக்குக் கொஞ்சம் குளுகுளுவென்று இருந்தது. மறைக்க மாட்டேன்.

ஆனாலும் இரண்டு வருட நீட்டிப்பு யோனாஸுக்குத்தான் போனது. நியாயம்தான். நியாயம் என்று தெரிந்த பிறகும் எரிகிறதே, அதற்கு என்ன மருந்தோ. எனக்கு ஆறு மாதம் கொடுத்தார்கள். ஒரு நிபந்தனையோடு: யாரும் எதையும் ஊற்றாத ஒரு தாழி வேண்டும். கிடைத்தால் மேலே பேசலாம், கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்டலாம்.

வெளிநாட்டார் அலுவலகத்து அம்மாள் ஆறு மாதக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னும் பானைதானா?"

"இன்னும் பானைதான்" என்றேன்.

9

பொங்கல் கழிந்து குழியை மறுபடி திறந்தார்கள். பழைய தாழிக்குப் பக்கத்திலேயே இன்னும் நான்கு. நான்கும் முழுசு. என் ஆறு மாதம் அந்த நான்கு மூடிக்கல்லுக்கு அடியில் கிடந்தது.

முத்துப்பேச்சி அக்காவிடம் நானே கேட்கத் துணியவில்லை. தாவீதைக் கேட்கச் சொன்னேன். துறை உத்தரவு என்று ஒரு வார்த்தை போட்டால் அவரை நிறுத்திவிடலாம்தான். அவன் போடவில்லை, நானும் போடச் சொல்லவில்லை. சாயங்காலம் அழைத்தான்.

"கேட்டேன் மாப்ள. நாலுக்கும் ஊத்தாதீகன்னு சொன்னேன். முடியாதுன்னுட்டாக."

"அப்ப ஒண்ணும் கெடையாதா?"

"முழுசாக் கேளுடா. 'எவ்வளவு தூரத்துல கெடந்து கேக்குது அந்தத் தம்பி. ஒண்ணை அதுக்கு விட்டுத் தாரேன். எடுத்து வேலையை முடிக்கட்டும், பெறகு அவரையும் குளிப்பாட்டிருவேன். மத்த மூணும் எங்களுக்கு' அப்படின்னாக."

"எங்களுக்குன்னா?"

"அதைத்தான் நானும் கேட்டேன். 'ஊத்துறவகளுக்கு'ன்னாக."

இன்று காலை டிராம் நிறுத்தத்தில் படம் வந்தது. இந்த முறை தாவீது முதுகைக் காட்டவில்லை. நேரே நின்று, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருக்கிறான். அப்பாவிடம் என்ன சொன்னாய் என்று கேட்டிருந்தேன். "பாக்குறது பூசை இல்லப்பா, பதிவுன்னு சொல்லிட்டேன். அதுக்கு அவரு, எரிகோல இப்படி ஒருத்தன் எழுதி வச்சிருந்தா உங்களுக்கு இந்தச் சந்தேகமே வந்திருக்காதுன்னாரு" என்று பதில் அனுப்பியிருக்கிறான். குறிப்பேட்டுப் பக்கத்தையும் படம் எடுத்துப் போட்டிருந்தான். *முத்துப்பேச்சி. மஞ்சள் தண்ணீர், ஒரு சொம்பு. தாழி ஒன்று, இரண்டு, மூன்று. காலை பத்தே கால்.*

குழியில் நான்கு தாழிகள். மூன்றின் வாய் ஈரமாக, மஞ்சளாக வெயிலில் மின்னுகிறது. நான்காவது புழுதியோடு காய்ந்து நிற்கிறது. அதன் கழுத்தில் நூல் கட்டி ஒரு சீட்டு தொங்குகிறது, சீட்டில் என் பெயர். இப்படி ஒரு சுத்தமான மாதிரி இந்த ஆய்வகத்தில் இதுவரை யாருக்கும் வாய்த்ததில்லை. யோனாஸிடம் காட்டினால் அவன்தான் இனிப் பொறாமைப்பட வேண்டும்.

டிராம் வந்து, கதவு திறந்து, மூடிப் போய்விட்டது. நான் படத்தைப் பெரிதாக்கி அந்த மற்ற மூன்றையும் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.